சுழலுதா என்று பார்க்காதீர்கள், ஆடுதா என்று பாருங்கள்: பெடல் கேள்விகள்

மலைப்பாதை சைக்கிள் ஓட்டுபவர்களிடமிருந்து இந்த முறை ஒரே பெடல் கேள்வி மழை. அதுவும் ஃபிளாட் பெடல்தான். ஷூவைப் பூட்டிக்கொள்ளும் கிளிப் வகை இல்லை, ஷூ வழுக்காமல் பிடிக்க முகமெல்லாம் முள் மாதிரிச் சின்னச் சின்னப் பின் வைத்த தட்டையான வகை. போர்க், ஷாக், பிரேக் என்று எல்லாவற்றுக்கும் சர்வீஸ் கணக்கு வைத்திருப்பவர்கள்கூடப் பெடலைக் கத்தும் வரை தொடுவதில்லை. வந்த கேள்விகளில் ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு மீதிக்கு இங்கே பதில்.

கே: இடது பெடல் கழலவே மாட்டேன் என்கிறது சார். 15 எம்எம் ஸ்பேனர் மேல் ஏறி நின்றே பார்த்துவிட்டேன். வலது பக்கம் சுலபமாக வந்துவிட்டது. மரை துருப்பிடித்துப் போயிருக்குமா?

ப: ஏறி நின்றது எந்தத் திசையில் என்று எழுதவில்லையே! வலது பக்கத்தைக் கழற்றிய மாதிரியே இதையும் திருப்பியிருந்தால் நீங்கள் கழற்றவில்லை, உங்கள் எடை மொத்தத்தையும் போட்டு இறுக்கியிருக்கிறீர்கள். இடது பெடலுக்கு இடது மரை. கடிகார முள் போகும் திசையில் திருப்பினால்தான் கழலும்.

இந்த இடம் வலம் குழப்பத்துக்கு நான் சொல்லும் ஒரே வழி இதுதான்: ஸ்பேனரை ஆக்சிலில், அதாவது பெடலின் நடுத்தண்டில் மாட்டி, கைப்பிடி மேலே பார்த்தபடி நிறுத்துங்கள். அதைப் பின்சக்கரத்தை நோக்கி இழுத்தால் கழலும், முன்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இறுகும். இரண்டு பக்கத்துக்கும் இதே கணக்கு. சில பெடல்களில் ஸ்பேனர் மாட்ட இடமே இருக்காது, கிரான்க்கின் (பெடல் மாட்டியிருக்கும் கை) உள்பக்கத்திலிருந்து 6 அல்லது 8 எம்எம் ஆலன் கீ, அதாவது அறுகோணச் சாவி, விட்டுத் திருக வேண்டும். அப்படி உள்ளிருந்து பார்க்கும்போது கடிகாரத் திசை என்ற பேச்செல்லாம் தலைகீழாகிவிடும், ஆனால் பின்சக்கரம் பின்சக்கரம்தான், அது இடம் மாறாது.

ஏன் இப்படி ஒரு பக்கம் மட்டும் இடது மரை என்று இன்னொரு வாசகரும் கேட்டிருக்கிறார், சேர்த்தே சொல்லிவிடுகிறேன். மிதிக்கும்போது உங்கள் எடை ஆக்சிலை மரையின் ஒரு பக்கச் சுவரோடு அழுத்துகிறது. கிரான்க் சுற்றச் சுற்ற அந்த அழுத்தம் விழும் இடமும் மரைக்குள் சுற்றி வருகிறது, ஆக்சில் கண்ணுக்குத் தெரியாத அளவு உருண்டு நகர்கிறது. வலது மரையை இரண்டு பக்கமும் வைத்தால் இந்த உருளலில் இடது பெடல் தானாகக் கழன்றுவிடும். விமானம் செய்வதற்கு முன்னால் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள் 1900-இல் ‘கழன்று வராத பெடல்’ என்று சொல்லி விற்றது இந்த ஏற்பாட்டைத்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், பேரிங்கின் உராய்வு மட்டும் இதற்கு நேர் எதிராக, கழற்றும் திசையில் ஆக்சிலை இழுக்கும். நல்ல பேரிங்கில் அது கொசுறு. பேரிங் துருப்பிடித்து முழுதாக இறுகிப் போனாலோ கதை மாறும், ஓட்டிக்கொண்டிருக்கும்போதே பெடல் கிரான்க்கை விட்டு வெளியே வரும். பேரிங்கைக் கவனிக்கச் சொல்வது வழுவழுப்புக்காக மட்டும் இல்லை.

சரி, உங்கள் பெடலுக்கு வருவோம். ஊடுருவும் எண்ணெயை மரையில் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். அடுத்த நாள் கழற்றப் பாருங்கள். வலது பெடலைக் கழற்றும்போது என்றால் முதலில் சங்கிலியைப் பெரிய பல்சக்கரத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஸ்பேனர் சட்டென்று விட்டுக்கொடுக்கும்போது விரல் முட்டி போய் மோதுவது அந்தப் பற்களில்தான், சங்கிலி மூடியிருந்தால் கிரீஸோடு போகும். சைக்கிளைத் தரையில் நிறுத்தி, கிரான்க் முன்பக்கம் நோக்கிப் படுத்திருக்கட்டும். ஸ்பேனரின் கைப்பிடி பின்பக்கம் நோக்கி, கிரான்க்குக்குச் சற்று மேலே, கிட்டத்தட்ட அதன் மேலேயே படுக்கிற மாதிரி வர வேண்டும். இப்போது இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஸ்பேனரைக் கிரான்க்கை நோக்கி அமுக்குங்கள். கிரான்க் சுற்றி ஓடாது, போட்ட பலம் முழுக்க மரைக்கே போகும். சாதாரண ஸ்பேனர் தடிமன் அதிகம், ஆக்சிலின் தட்டை முகத்தில் பாதிதான் உட்காரும், முனை மழுங்கிவிட்டால் அப்புறம் கஷ்டம். மெலிந்த வாயும் நீண்ட கைப்பிடியும் உள்ள பெடல் ஸ்பேனர் ஒன்று வாங்கி வையுங்கள்.

கே: புதுப் பெடல் வாங்கினேன். விரலால் சுண்டினால் ஒரு சுற்றுகூட முழுதாகச் சுற்றவில்லை. நண்பனின் பழைய பெடல் காற்றாடி மாதிரி சுற்றுகிறது. என்னுடையதை மாற்றித் தரச் சொல்லலாமா?

ப: வேண்டாம். புதிய சீலும் (தண்ணீரும் தூசியும் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) நிறைய கிரீஸும் இருந்தால் அப்படித்தான் இருக்கும். உங்கள் எடை ஏறியதும் அந்தச் சிறு இழுவை தெரியவே தெரியாது. இன்னும் சொன்னால், குண்டும் குழியுமான இறக்கத்தில் காலை எடுத்துத் திரும்ப வைக்கும்போது பெடல் விட்ட நிலையிலேயே நிற்பதுதான் வசதி. காற்றாடியாகச் சுற்றும் நண்பனின் பெடலைத்தான் சந்தேகப்பட வேண்டும். உள்ளே கிரீஸ் காய்ந்து போயிருக்கலாம்.

சுழற்சியை வைத்துப் பெடலை எடை போடாதீர்கள், ஆட்டத்தை வைத்துப் போடுங்கள். கிரான்க்கை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பெடலின் வெளி விளிம்பை மேலும் கீழும், அப்புறம் உள்ளும் வெளியுமாக அசைத்துப் பாருங்கள். ‘டொக்’ என்று ஒரு சிறு தட்டல் விரலில் தெரிந்தால் ஆட்டம் இருக்கிறது. கிரான்க்கும் கூடவே அசைந்தால் பழி பெடல் மேல் இல்லை, கிரான்க்கைத் தாங்கிச் சுழலவிடும் பாட்டம் பிராக்கெட் மேல். அதனால்தான் கிரான்க்கை முதலில் பிடிக்கச் சொன்னேன்.

கே: அந்த ஆட்டம் என் பெடலில் இருக்கிறது. வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்ய முடியுமா? உள்ளே என்னதான் இருக்கும்? பிரித்துவிட்டுத் திரும்பப் பூட்ட முடியாமல் விழிக்கக் கூடாது என்று பயம்.

ப: தாராளமாக முடியும். சைக்கிளில் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொள்ள இதைவிட எளிய பாகம் இல்லை. மிஞ்சி மிஞ்சிப் போனால் ஏழெட்டு உருப்படிகள். கழற்றும் வரிசையிலேயே ஒரு வெள்ளைத் துணியில் அடுக்கி ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், விழிக்க வேண்டி வராது.

இப்போது வரும் ஃபிளாட் பெடல்களில் பெரும்பாலும் உள்ளே இப்படித்தான்: கிரான்க் பக்கம் ஒரு ரப்பர் சீல், அதை அடுத்து ஒரு புஷ், வெளி நுனியில் ஒன்றிரண்டு சின்ன சீல் பேரிங், கடைசியில் எல்லாவற்றையும் பிடித்து வைக்கும் ஒரு நட், அதற்கு மேல் மூடி. புஷ் என்பது பேரிங் மாதிரிக் குண்டு வைத்தது இல்லை, வெறும் வழுவழுப்பான குழாய்த் துண்டு, பிளாஸ்டிக்காகவோ மேலே பூச்சு கொடுத்த உலோகமாகவோ இருக்கும். பெடலின் உடல் மெலிந்து இருக்க வேண்டும் என்பதால் கிரான்க் பக்கம் பேரிங்குக்கு இடமில்லாமல் இதை வைக்கிறார்கள். எடையில் பெரும்பங்கு விழுவதும் அங்கேதான், சேறு முதலில் நுழைவதும் அங்கேதான். ஆட்டத்துக்குப் பத்துக்கு எட்டு தடவை புஷ்தான் காரணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

வேலையைத் தொடங்குவோம். பெடலை முதலில் சைக்கிளிலிருந்து கழற்றிக்கொள்ளுங்கள். வெளி நுனி மூடி ஆலன் கீயில் திருகி வரும், அல்லது நெம்பினால் வரும் பிளாஸ்டிக் மூடியாக இருக்கும். உள்ளே ஆழத்தில் நட் தெரியும். அதற்கு மெல்லிய சுவர் உள்ள நீளமான சாக்கெட் வேண்டும், 8, 9, 10 எம்எம் என்று பிராண்டுக்குப் பிராண்டு மாறும். ஆக்சில் கூடவே சுற்றாமல் இருக்க மறு முனையை ஆலன் கீயாலோ வைஸிலோ (மேசையில் பொருத்திய இறுக்கி) பிடித்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. பல தயாரிப்புகளில் இந்த நட் இரண்டு பக்கமும் சாதாரண வலது மரைதான். சிலவற்றில் ஒரு பக்கம் மட்டும் இடது மரை. ஓரளவு பலம் கொடுத்தும் வரவில்லை என்றால் நிறுத்திவிட்டுத் தயாரிப்பாளரின் கையேட்டைப் பாருங்கள், வீம்புக்குத் திருகி ஆக்சிலின் மரையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். வெளி நுனியில் நட்டே இல்லாமல், கிரான்க் பக்கத்திலிருந்து ஒரு காலரைத் திருகினால் ஆக்சில் முழுதாக உருவி வரும் வகையும் உண்டு. அதில் வலது பெடலின் காலர் இடது மரையாக இருக்கும்; காலரின் மேலேயே அம்புக்குறி போட்டிருப்பார்கள், துடைத்துவிட்டுப் பாருங்கள்.

நட் வந்ததும் ஆக்சிலைக் கிரான்க் பக்கமாக இழுங்கள். மழையில் ஓட்டிய பெடலாக இருந்தால் கிரீஸ் என்ற பேரில் சாம்பல் நிறக் களிம்பு ஒன்று வரும். அதை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள், நறநற என்று மணல் தட்டினால் சீல் தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். எல்லாவற்றையும் துணியால் துடைத்து, ஆக்சிலை வெளிச்சத்தில் பிடியுங்கள். புஷ் ஓடிய இடத்தில் ஒரு பட்டை மட்டும் பளபளவென்று தெரியும். அது இருக்க வேண்டியதுதான். அந்தப் பட்டையின் ஓரத்தில் நகத்தை வைத்து நெடுக இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் இருந்தால் ஆக்சிலே தேய்ந்துவிட்டது, புதிய புஷ் போட்டாலும் ஆட்டம் சீக்கிரம் திரும்பி வரும். நகம் வழுக்கிக்கொண்டு போனால் ஆக்சில் நன்றாக இருக்கிறது, புஷ்ஷும் சீலும் மாற்றினால் போதும்.

பேரிங்கின் உள்வளையத்தில் சுண்டுவிரலை விட்டு மெதுவாகச் சுற்றுங்கள். வெண்ணெய் மாதிரிச் சுற்றினால் அப்படியே விடலாம். அங்கங்கே நின்று நின்று போனாலோ கரகரத்தாலோ மாற்றிவிடுங்கள்.

உள்ளே போகும் கிரீஸ் தாராளமாக இருக்கட்டும். புஷ் வகைகள் பல உலர்வாகவே ஓடக்கூடியவைதான், ஆனால் இங்கே கிரீஸின் முதல் வேலை வழுக்குவது இல்லை, தண்ணீருக்கு இடம் விடாமல் அடைத்துக்கொண்டு நிற்பது. ஆக்சிலைச் சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள், சீலின் உதடு மடங்காமல் உட்கார வேண்டும். நட்டை ஆட்டம் மறையும் வரை இறுக்கி அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் இறுக்கினால் பேரிங் பக்கவாட்டில் நசுங்கும். கையால் சுற்றும்போது சீலின் இழுவை மட்டும் தெரிய வேண்டும், உள்ளே பிடிக்கக் கூடாது. நைலான் வளையம் வைத்த நட் என்றால் சில தடவை கழற்றிப் பூட்டியதும் அதன் பிடி போய்விடும். கையாலேயே கடைசி வரை திருக முடிகிறது என்றால் புதியது வாங்குங்கள்.

முதல் பெடலுக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். இரண்டாவது பெடல் அதில் பாதி நேரத்தில் முடிந்துவிடும்.

கே: பேரிங் மாற்ற வேண்டும். சைக்கிள் கடையில் முழு கிட் ஆகத்தான் தருவேன் என்கிறார்கள். தனியாகக் கிடைக்காதா?

ப: பேரிங்கின் சீல் மேலேயே நம்பர் இருக்கும், பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் தெரியும். உதாரணமாக 688 என்றால் உள்விட்டம் 8, வெளிவிட்டம் 16, சீல் வைத்ததில் அகலம் 5 எம்எம். 686 என்றால் 6, 13, 5. நம்பருக்குப் பின்னால் ‘2ஆர்எஸ்’ என்று இருந்தால் இரு பக்கமும் ரப்பர் சீல். இவை சைக்கிளுக்கென்றே செய்தவை இல்லை, எல்லா எந்திரத்திலும் ஓடுகிற பொது அளவுகள். எந்தப் பேரிங் கடையிலும் நம்பரைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள். நம்பர் அழிந்திருந்தால் வெர்னியரில் மூன்று அளவையும் எடுத்துக்கொண்டு போங்கள். புஷ்ஷும் சீலும் மட்டும் பெரும்பாலும் அந்தந்தப் பிராண்டின் கிட்டில்தான் வரும், அதற்குக் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

பழைய பேரிங்கை எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கம்பி விட்டு, சுற்றிச் சுற்றித் தட்டி எடுக்கலாம். அலுமினிய உடலாக இருந்தால் முதலில் ஹேர் டிரையரில் சூடாக்கிக்கொள்ளுங்கள், பாதி வேலை முடிந்த மாதிரி. புதியதை உள்ளே தள்ளும்போது வெளிவளையத்தின் மேல் மட்டும்தான் அழுத்தம் விழ வேண்டும். அந்த வளையத்தின் அளவுக்குச் சரியான சாக்கெட் ஒன்றை மேலே வைத்து அழுத்துங்கள். உள்வளையத்தில் தட்டினால் புதிய பேரிங் பூட்டும்போதே பழையதாகிவிடும்.

கே: பிரிப்பதற்குப் பதிலாக ஆக்சில் இடுக்கில் ஸ்பிரே ஆயில் அடித்தால் போதாதா? சத்தம் நின்றுவிடுகிறதே!

ப: நிற்கும். கொஞ்ச நாளைக்கு. மெல்லிய ஸ்பிரே உள்ளே இருந்த கெட்டி கிரீஸைக் கரைத்துக்கொண்டு வெளியே ஓடிவிடும், போகிற வழியில் வெளி அழுக்கை உள்ளே இழுத்து வைத்துவிட்டும் போகும். சைக்கிள் கழுவும் பிரஷர் வாஷரும் இதே ரகம்தான், அதன் பீச்சலைப் பெடலின் ஆக்சிலுக்கு நேராகக் காட்டாதீர்கள். எந்தக் கிரீஸ் என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம், தண்ணீரில் கழுவிக்கொண்டு போகாத, கெட்டியான, பேரிங்குக்கு என்று எழுதிய எதுவும் சரி.

கே: பின் விஷயம். பாறையில் அடிபட்டுப் பாதிப் பின்கள் போய்விட்டன. மீதி இருப்பவற்றின் ஆலன் குழியில் சேறு கல்லாகிக் கிடக்கிறது. கீ உள்ளேயே போகவில்லை. புதிய பின் பாக்கெட் கையில் இருக்கிறது, பழையதை எப்படி எடுப்பது?

ப: இந்தக் கேள்வியை நீங்கள் மட்டும் கேட்கவில்லை. பொறுமை வேண்டிய வேலை, ஆனால் எனக்குப் பிடித்த வேலை.

முதலில் உங்கள் பின் எந்தப் பக்கமிருந்து ஏறியது என்று பாருங்கள். மேலிருந்து திருகும் வகையில் ஆலன் குழி பின்னின் தலையிலேயே இருக்கும், அதாவது ஷூவும் பாறையும் படுகிற அதே முகத்தில், அதனால்தான் சேறும் அடியும். கீழிருந்து ஏற்றும் வகையில் தலை எதிர்முகத்தில் பத்திரமாக உள்வாங்கி இருக்கும். மேலே எவ்வளவு நசுங்கினாலும் கீழிருந்து திருகி எடுத்துவிடலாம். நசுங்கிய நுனி துளை வழியே திரும்பி வராமல் அடம்பிடித்தால் நுனியை அரத்தால் தேய்த்துவிட்டுத் திருப்புங்கள். அடுத்த முறை பெடல் வாங்கும்போது பின் இந்த வகையா என்று திருப்பிப் பார்த்து வாங்குங்கள், நிறத்தைப் பார்ப்பதைவிட அது முக்கியம்.

உங்களுடையது மேலிருந்து ஏறும் வகை போலிருக்கிறது. பெடலைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். அப்புறம் கோணி ஊசி மாதிரிக் கூரான ஏதாவது ஒன்றால் குழியைச் சுரண்டுங்கள், அடிவரைக்கும் சுரண்ட வேண்டும். மேலோடு சுரண்டிவிட்டுக் கீயை நுழைத்தால் பாதி ஆழத்தில்தான் உட்காரும், திருகியதும் குழி வட்டமாகிவிடும். 2 அல்லது 2.5 எம்எம் கீ தேவைப்படும். இவ்வளவு சிறிய அளவில் தேய்ந்த கீயால் ஒரு பயனும் இல்லை, முனையை அரத்தில் தட்டையாகத் தேய்த்துக் கூராக்கிக்கொள்ளுங்கள் அல்லது புதியது வாங்குங்கள்.

அப்படியும் அசையவில்லை என்றால் தொழிற்சாலையிலேயே மரைப் பசை போட்டிருப்பார்கள், அது சூட்டுக்குத்தான் இளகும். சால்டரிங் அயர்னின் முனையைப் பின்னின் மேல் ஓரிரு நிமிடம் வைத்து எடுத்து, சூடு ஆறுவதற்குள் திருப்புங்கள். குழி ஏற்கெனவே வட்டமாகிவிட்டதா? அதைவிட இம்மி பெரிய, நட்சத்திர முனை உள்ள டார்க்ஸ் பிட் ஒன்றைச் சுத்தியலால் தட்டி உள்ளே இறக்கித் திருப்பலாம். முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பூட்டும் வகைப் பிளையரால் கவ்விப் பிடித்துத் திருகினாலும் வரும். முகத்தோடு முகமாக உடைந்து போனதை எதிர்ப்பக்கத் துளை வழியாக அணுக முடிகிறதா என்று பாருங்கள். எதுவும் சரிப்படவில்லை என்றால் டிரில் போட வேண்டியதுதான். ஒரு பின் இல்லாமல் ஓட்டுவதால் குடி முழுகிவிடாது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

புதிய பின்னுக்கு நடுத்தர வலிமை மரைப் பசை, அதாவது நீல வகை, ஒரு சொட்டுப் போதும். சிவப்பு வேண்டாம், அடுத்த முறை என்னைத் திட்டுவீர்கள். போடுவதற்கு முன் மரையில் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்துவிடுங்கள், எண்ணெய் இருந்தால் பசை பிடிக்காது. பூட்டியதும் குழியில் கொஞ்சம் கிரீஸ் அப்பி வையுங்கள், சேறு கல்லாகாது.

உயரமும் உங்கள் கையில்தான் இருக்கிறது. முன் விளிம்பு, பின் விளிம்புப் பின்கள் உயரமாகவும் நடுவில் இருப்பவை தாழ்ந்தும் இருந்தால் பாதம் குழிக்குள் உட்கார்ந்த மாதிரி பிடிக்கும். எல்லாம் ஒரே உயரம் என்றால், அல்லது நடுப்பகுதி மேடாக இருந்தால், பின் எத்தனை இருந்தும் கால் வழுக்கும். கால் மாற்றி வைக்கவே முடியாத அளவுக்குப் பிடிக்கிறது, கெண்டைக்காலெல்லாம் கீறல் என்றால் நடுப் பின்களைக் கழற்றிவிடுங்கள், அல்லது கீழிருந்து ஏறும் வகைப் பின் என்றால் அதன் தலைக்கு அடியில் மெல்லிய வாஷர் கொடுத்து உயரத்தைக் குறையுங்கள்.

கே: என் பெடல் பிளாஸ்டிக் உடல். இதையெல்லாம் இதற்கும் செய்யலாமா, தேய்ந்ததும் தூக்கிப் போட வேண்டியதுதானா?

ப: ஆக்சில், புஷ், பேரிங் எல்லாம் உலோகப் பெடலில் இருப்பவையேதான், பிரித்துக் கிரீஸ் போடுவதில் வித்தியாசம் இல்லை. இரண்டு விஷயம் மட்டும் தள்ளி வையுங்கள். சால்டரிங் அயர்ன், ஹேர் டிரையர் பக்கமே போகாதீர்கள். மரைப் பசையும் வேண்டாம், சில பிளாஸ்டிக் வகைகளை அது நாளடைவில் வெடிக்க வைக்கும். இந்தப் பெடல்களில் பின் பெரும்பாலும் நட் வைத்தோ பிளாஸ்டிக்கின் இறுக்கத்திலோதான் நிற்கிறது. ஆக்சில் துளையைச் சுற்றி விரிசல் தெரிந்தால் மட்டும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

கே: என்னுடையது பழைய பெடல். பிரித்தபோது சீல் பேரிங் இல்லை, குட்டிக் குட்டிக் குண்டுகள் உருண்டு ஓடின. சிலவற்றைக் காணவில்லை.

ப: கட்டிலுக்கு அடியில் தேடுங்கள்! இது கோன் (குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கூம்பு நட்), அதை நகராமல் பூட்டும் லாக்நட் வைத்த பழைய ஏற்பாடு, இரு முனையிலும் குண்டு வரிசை. இன்றும் புதிய பெடல்கள் சில இப்படி வருகின்றன, சரியாகப் பராமரித்தால் நெடுநாள் உழைக்கும். ஒரு குண்டைக் கடைக்குக் கொண்டுபோய் அதே விட்டத்தில் மொத்தமாகப் புதிய செட் வாங்குங்கள், பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள். எத்தனை இருந்தது என்று தெரியாவிட்டால் பெடலுக்குள் குண்டுகள் ஓடும் கிண்ணம் மாதிரியான குழியில் கிரீஸ் பூசி, குண்டுகளை வரிசையாக ஒட்டிக்கொண்டே வாருங்கள். ஒரு குண்டுக்குச் சற்றுக் குறைவான இடைவெளி மிஞ்சும்போது நிறுத்தினால் அதுதான் கணக்கு. நெருக்கி இன்னொன்றைத் திணிக்காதீர்கள். கோனைக் கையால் ஆட்டம் போகும் வரை திருகி, ஒரு பொடி பின்வாங்கி, லாக்நட்டை இறுக்குங்கள். லாக்நட்டை இறுக்கும்போது கோனும் கொஞ்சம் நகரும், அதனால் இரண்டு மூன்று தடவை திருத்த வேண்டி வரும். எல்லாருக்கும் அப்படித்தான்.

கே: கல்லில் பெடல் பலமாக மோதியது. வெளியே உரசல் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மிதிக்கும்போது பாதம் ஒரு பக்கம் ஏறி இறங்குகிற மாதிரி இருக்கிறது. பிரமையா?

ப: பிரமை இல்லை, ஆக்சில் வளைந்திருக்கும். பெடலின் உடலைக் கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு கிரான்க்கை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றுங்கள்; உடல் உங்கள் கைக்குள் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தால் சந்தேகமே இல்லை. வளைந்த ஆக்சிலை நிமிர்த்தித் திரும்பப் போடலாமா என்று அடுத்த கேள்வி கேட்காதீர்கள், கூடாது. வளைத்து நிமிர்த்திய உலோகம் எங்கே எப்போது உடையும் என்று சொல்லிக்கொண்டு உடையாது. பல பிராண்டுகள் ஆக்சிலைத் தனியாக விற்கின்றன. அப்படியே கிரான்க் நேராக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், நல்ல பெடலைப் பூட்டியும் அதே தள்ளாட்டம் இருந்தால் வளைந்தது கிரான்க்.

கே: ஒவ்வொரு மிதிக்கும் ஒரு ‘கிரீச்’. பெடலைப் பிரித்துக் கிரீஸ் போட்டாயிற்று, புதிய பேரிங்கும் போட்டாயிற்று. இன்னும் போகவில்லை.

ப: பெடலும் கிரான்க்கும் சேரும் மரையில் கிரீஸ் போட்டீர்களா? முக்கால்வாசிப் பேர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். கழற்றி, இரு பக்க மரையையும் பல் பிரஷ்ஷால் தேய்த்து, புதுக் கிரீஸ் தடவி, 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் இல்லாதவர்கள் நல்ல இறுக்கமாக, ஆனால் ஸ்பேனரின் மேல் ஏறாமல் இறுக்கினால் போதும். கார்பன் கிரான்க் என்றால் நடுவில் வாஷர் கேட்பார்கள், அது இருக்கிறதா பாருங்கள்.

அதற்குப் பிறகும் கத்தினால் பெடலை விட்டுவிடுங்கள், பாவம். வேறொரு நல்ல ஜோடி பெடலை மாட்டி ஓட்டிப் பார்ப்பதுதான் குறுக்கு வழி. சத்தம் தொடர்ந்தால் கிரான்க் போல்ட், செயின்ரிங் (முன் பல்சக்கரம்) போல்ட், பாட்டம் பிராக்கெட் என்று வரிசையாகப் போக வேண்டும். எழுந்து நின்று மிதித்தால் நின்றுவிடுகிறது என்றால் சத்தம் சீட்டிலிருந்தோ சீட் போஸ்ட்டிலிருந்தோ வருகிறது.

கே: எல்லாம் முடித்துத் திரும்பப் பூட்டும்போது பெடல் இரண்டு மரைக்கு மேல் ஏறவில்லை. ஸ்பேனர் போட்டு அழுத்தட்டுமா?

ப: ஐயோ, வேண்டாம்! ஆக்சில் இரும்பு, கிரான்க் பெரும்பாலும் அலுமினியம். அழுத்தினால் ஆக்சிலுக்கு ஒன்றும் ஆகாது, கிரான்க்கின் மரையைச் சீவித் தள்ளிவிடும். ஆக்சிலின் முனையிலோ தட்டை முகத்திலோ ‘எல்’, ‘ஆர்’ என்ற எழுத்துகளில் ஒன்று பொறித்திருக்கும். எழுத்து இல்லாவிட்டால் இடது ஆக்சிலில் மட்டும் ஒரு வரி கீறியிருப்பார்கள். இரண்டையும் ஒன்றாகப் பிரித்துத் துடைத்ததில் ஆக்சில் இடம் மாறிப் போயிருக்கும், பெரும்பாலும் அவ்வளவுதான் சங்கதி. மரையைப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம்: ஆக்சிலை நெட்டாக நிமிர்த்திப் பிடித்தால் வலது பெடலின் மரை வலப்பக்கம் ஏறும், இடது பெடலின் மரை இடப்பக்கம் ஏறும்.

எழுத்து சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் கோணலாக நுழைந்திருக்கிறது. வெளியே எடுத்து, ஆக்சிலை மரையில் நேராக வைத்து, முதலில் கழலும் திசையில் கையால் மெல்லச் சுற்றுங்கள். ‘டிக்’ என்று மரை ஒன்றோடொன்று விழும் இடம் விரலில் தெரியும். அங்கிருந்து இறுகும் திசையில் திருப்புங்கள். முதல் நாலைந்து சுற்றுக்குக் கையைத் தவிர எதுவும் தேவைப்படக் கூடாது. அப்புறம் ஆக்சிலில் ஸ்பேனரை மாட்டி அசையாமல் பிடித்துக்கொண்டு கிரான்க்கைப் பின்னோக்கிச் சுற்றினால் பெடல் தானே உள்ளே போய்விடும், வேலை சீக்கிரம் முடியும்.

கிரான்க்கின் மரை ஏற்கெனவே போய்விட்டது என்றால் அதற்கும் வழி இருக்கிறது. துளையைப் பெரிதாக்கிப் புதிய மரை உறை ஒன்றை உள்ளே பதிப்பார்கள். அதற்குச் சரியான டேப்பும் (மரை வெட்டும் கருவி) துளை கோணல் ஆகாத கையும் வேண்டும், அதை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.